மீன்பிடித் தடைக்காலத்தில் ஆண்களுக்குத் துறைமுகத்திலேயே மருத்துவ முகாம் கேட்டு மனு

அனுப்புநர்:
மீனவக் குடும்பப் பெண்கள்,
தேங்காய்ப்பட்டணம் சுற்றுவட்டாரம்,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
ஆட்சியர் அலுவலகம், நாகர்கோவில்.

பொருள்: கடல் தொழில் செய்யும் ஆண்களுக்கு நோய் முன்கூட்டிக் கண்டறியும் முகாம் நடத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் வீட்டு ஆண்கள் தங்குகடல் தொழிலாளிகள். விசைப்படகில் போனால் திரும்ப ஒரு மாதம் ஆகும், சில சமயம் அதற்கும் மேல். ஆரம்ப சுகாதார நிலையத்தில் முகாம் நடக்கிற அன்று அவர்கள் லட்சத்தீவுப் பக்கம் இருப்பார்கள். முகாமுக்கு வருவது நாங்களும் எங்கள் மாமியார்களும்தான். எங்களுடைய சுகர் எவ்வளவு என்று எங்களுக்குத் தெரியும். அவர்களுடையது அவர்களுக்கே தெரியாது.

2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதிலிருந்து பிரஷர், சுகர் மாத்திரை வீடு தேடி வருகிறது. நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. ஆனால் தேடி வரும்போது ஆள் வீட்டில் இருக்க வேண்டுமே! ஒரு மாத மாத்திரையை எண்ணி, பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, உப்புக்காற்று படாமல் மூடிக் கொடுத்து அனுப்புகிறோம். மீன் கிடைக்காமல் படகு இன்னும் பத்து நாள் கடலில் நின்றால் டப்பா காலி. கரைக்கு வந்த பிறகு, "மாத்திரை இல்லாமலே நல்லாத்தானே இருந்தேன்" என்று அடியோடு விட்டுவிடுகிறார்கள். பிரஷர் 140/90-ஐத் தாண்டி நின்றாலும் பெரும்பாலும் வலி எதுவும் தெரியாது. நடுக்கடலில் நெஞ்சு வலித்தால் 108 வராது.

அவர்கள் கண்டிப்பாகக் கரையில் இருக்கும் காலம் ஒன்று உண்டு: விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாத தடைக்காலம். நம் மாவட்டத்துக்குக் கிழக்கு, மேற்கு என்று இரண்டு கடற்கரை என்பதால் சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆகவே ஒரே மருத்துவக் குழு முதலில் அங்கே முடித்துவிட்டு அப்புறம் இங்கே வரலாம். படகுக்குப் பெயின்ட் அடிக்கிற, வலை பின்னுகிற இடத்துக்கே வர வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றால் வரமாட்டார்கள், அதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

30 வயது தாண்டிய எல்லோருக்கும் பிரஷர், சுகர் பார்க்க வேண்டும். படகில் பீடியும் போயிலையும் சாதாரணம்; டார்ச் அடித்து வாயைப் பார்த்தாலே, வாய்ப் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கக்கூடிய ஆறாத புண்ணும் வெள்ளைத் திட்டும் தெரிந்துவிடும். ஐம்பது தாண்டியவர்களிடம் சிறுநீர் பிரச்சினை இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இதைக் கேட்பவர் ஆண் மருத்துவராகவோ சுகாதார ஆய்வாளராகவோ இருந்தால் நல்லது. மாத்திரை கொண்டு வரும் தன்னார்வலர் பக்கத்து வீட்டுப் பெண்ணாக இருப்பாள்; ராத்திரி நாலு தடவை எழும்புகிறேன் என்று அவளிடம் எந்த ஆண் சொல்லுவார்?

தங்குகடலுக்குப் போகிறவர்களுக்கு இரண்டு மாத மாத்திரையைச் சேர்த்தே கொடுக்கவும் உத்தரவிட வேண்டும்.

குலசேகரம், கீரிப்பாறை பக்கம் விடியும் முன்னே ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களுக்கும் காலை முகாம் உதவாது. அங்கே மதியத்துக்கு மேல் வைக்கலாம்.

முகாம் தேதியை முந்தைய ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குக் கோயில் மைக்கில் சொல்லச் சொல்லுங்கள். நோட்டீஸை யாரும் படிப்பதில்லை. வரும் தடைக்காலத்துக்கு முன்பே ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மீனவக் குடும்பப் பெண்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)