வர்ஜீனியா அணிக்குப் புதிய பயிற்சியாளர்

நண்பர்களே, அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆண்கள் கூடைப்பந்து அணியின் பயிற்சியாளர் தேடல் ஒருவழியாக முடிந்தது. 2019இல் தேசியப் பட்டம் வாங்கித் தந்த டோனி பென்னட், 2024 அக்டோபரில், சீசன் தொடங்கச் சில வாரங்களே இருக்கும்போது ஓய்வு பெற்றார். இன்றைய கல்லூரி ஆட்டச் சூழலுக்குத் தான் ஏற்றவர் இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். அந்த நேர்மைக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் அந்த நேரத்தில் வெளியாளை எங்கே போய்த் தேடுவது? உதவியாளர் ரான் சான்செஸ்தான் அந்த சீசனைத் தாங்கிப் பிடித்தார்.

அவருக்குப் பின் 2025இல் பொறுப்புக்கு வந்தவர் ரயன் ஓடம். 2018 தேசியக் கல்லூரிப் போட்டித்தொடரில், முதல் தரவரிசையில் இருந்த வர்ஜீனியாவை, கடைசித் தரவரிசையான 16இல் இருந்த யுஎம்பிசி (மேரிலாந்து பல்கலைக்கழகம், பால்டிமோர் கவுண்டி) 74-54 என்று சாய்த்ததே, அந்த யுஎம்பிசியின் பயிற்சியாளர் இவர்தான்! சரியான தேர்வு என்றே நினைக்கிறேன். அப்புறம், அணி மாறும் வீரர்கள் பற்றி உறுதியான செய்தி மட்டும் இங்கே போடுங்கள்.