திம்பத்து டிஷ்ஷையும் கணக்கில் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அடுத்த தலைமுறை மொபைல் சேவையான 6ஜி பற்றிய கட்டுரையை ஆர்வமாகப் படித்தேன். ஆனால் அதற்கான அலைக்கற்றை எங்கிருந்து வரப்போகிறது என்பதை அது தொடவில்லை. 2027 உலக வானொலித் தொடர்பு மாநாட்டில் மொபைலுக்காகப் பரிசீலிக்கப்படும் அலைவரிசைப் பட்டைகளில் 14.8 முதல் 15.35 ஜிகாஹெர்ட்ஸ் வரையிலானதும் ஒன்று. அது சும்மா கிடக்கும் இடமல்ல. நம் நாட்டில் டவரோடு டவரை இணைக்கும் மைக்ரோவேவ் டிஷ்கள் பல 15 ஜிகாஹெர்ட்ஸில்தான் ஓடுகின்றன.

அந்தப் பட்டை மொபைலுக்குப் போனாலும் கோவை, திருப்பூரில் சமாளித்துவிடலாம். ஃபைபர் உண்டு, பக்கத்து டவருக்கு 80 ஜிகாஹெர்ட்ஸ் பக்கமுள்ள ஈ-பேண்ட் போதும். எங்கள் ஈரோடு மாவட்டத்துக் கடம்பூர், தாளவாடி, பர்கூர் மலைகளில் என்ன செய்வது? காட்டுக்குள் கேபிள் பள்ளம் தோண்டுவது லேசான காரியமில்லை. ஈ-பேண்ட் சில கிலோமீட்டர்தான் எட்டும், ஐப்பசி மழையில் அதுவும் தடுமாறும்.

சரி, மொபைலும் டிஷ்ஷும் ஒரே பட்டையைப் பகிர்ந்துகொள்ளட்டும் என்றால், விதியை எப்படி எழுதுவார்கள் என்பதே என் கவலை. டவர் ஏறி டிஷ் திருப்பிக் கட்டியவன் நான். 60 சென்டிமீட்டர் டிஷ் இந்த அலைவரிசையில் சுமார் 2 டிகிரி அகலத்தைத்தான் கூர்ந்து பார்க்கும். அதைச் சுற்றி 'இத்தனை கிலோமீட்டருக்குள் மொபைல் கூடாது' என்று வட்டம் போட்டால், டிஷ்ஷின் முதுகுப் பக்கமெல்லாம் அலைக்கற்றை வீணாகும். முகம் பார்க்கும் பக்கமோ வட்டம் போதாது. சமவெளியில் கட்டடமும் தென்னந்தோப்பும் அலையை மறிக்கும். மலைமேலுள்ள திம்பத்தில் நின்றால் பவானிசாகர் அணையும் அதற்கப்பாலும் தெரிகிறதே, அங்கிருந்து கீழே பார்க்கும் டிஷ்ஷுக்கு மறைப்பு ஏது? பார்வைக்குள் வரும் மொபைல் டவர்கள் எல்லாவற்றின் அலையும் ஒன்றாய்ச் சேர்ந்து அதில் விழும். அந்த மொத்தம், ரிசீவரின் சொந்த இரைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பதுதான் பொதுவான அளவுகோல்.

ஆகவே ஒவ்வொரு டிஷ்ஷின் இடம், உயரம், திசை மூன்றையும் மலைமேடு காட்டும் வரைபடத்தில் வைத்து, இணைப்பு இணைப்பாகக் கணக்கிட வேண்டும். கணினி இருக்கும் காலத்தில் இது பெரிய வேலையே அல்ல.

ஒரு மழைக்காலத்தில் மலைக் கிராமமொன்றில் இணைப்பு அறுந்து, ரேஷன் கடைக் கைரேகை மெஷின் நின்றுபோனது. "அரிசி உள்ள இருக்குதுங்க, மெஷினு எடுக்க மாட்டேங்குது" என்றார் வரிசையில் நின்ற ஒரு அம்மா. 108-ஐ அழைக்கவும் அதே ஒற்றை இணைப்புதான். மாற்று இணைப்பு முழுதாக ஓடத் தொடங்கிய பிறகே மலையில் பழைய அலைவரிசையை எடுக்க வேண்டும் என்பதை விதியிலேயே எழுதிவிட வேண்டும்.

ஓய்வுபெற்ற தொலைபேசித் துறை ஊழியர்,
கோபிசெட்டிபாளையம்