கூம்புச் சங்கு மாத்திரை ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், கடற்சங்கின் விஷத்திலிருந்து வலிநிவாரணி வந்த கதையைப் போட்டிருந்தீர்கள். ‘இயற்கை தந்த மாத்திரை’ என்று தலைப்பு. மறுநாள் காலை காசிமேட்டில் ஏலம் முடிந்தபின், கோழித்தீவனத்துக்குக் குவித்திருந்த கழிவு மீனை இரண்டு பையன்கள் வெறுங்கையால் துழாவிக்கொண்டிருந்தார்கள். "என்னடா தேடுறீங்க?" என்றேன். "சங்கு மிஸ். மருந்துக் கம்பெனிக்காரன் வாங்குவானாம், பேப்பர்ல வந்துச்சு." இருவரும் என்னிடம் வேதியியல் படித்தவர்கள்.

அந்த மருந்தின் பெயர் சிகோனோடைடு. கோனஸ் மேகஸ் என்ற, மீனை வேட்டையாடும் கூம்புச் சங்கின் விஷத்தில் கண்டறிந்தது; அமெரிக்காவில் 2004 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. அது மாத்திரை இல்லை. விழுங்கினால் மதியம் சாப்பிட்ட வஞ்சிர மீனோடு சேர்ந்து செரித்துப்போகும். முதுகுத்தண்டைச் சுற்றியுள்ள நீருக்குள் மெல்லிய குழாய் வைத்து, பம்ப் மூலம் துளித்துளியாக இறக்க வேண்டும். வேறு எந்த மருந்துக்கும் அடங்காத கடும் வலிக்காரர்களுக்கே கொடுப்பார்கள். அவர்களுக்கும் தலைசுற்றல், மனக்குழப்பம், இல்லாதது கண்ணில் தெரிவது என்று வரலாம். முக்கியமாக, அதற்கு ஒரு சங்கையும் பிடிக்க வேண்டியதில்லை. புரதத்தின் துண்டுகளான அமினோ அமிலங்களை ஆய்வகத்திலேயே கோத்துச் செய்கிறார்கள்.

இது திருத்தம். என் வருத்தம் வேறு. கட்டுரையாளர் ‘பெப்டைடு’ என்று சொல்லி அத்துடன் நிறுத்திவிட்டார். பெப்டைடு என்றால் அமினோ அமிலங்களின் சிறு சங்கிலி, அவ்வளவுதான். துவரம்பருப்பு தின்றாலும் குடலில் பெப்டைடு உண்டாகிறது, அதனால் யாரும் மரத்துப்போவதில்லை. சங்கிலி கோத்து முடிந்த பிறகு செல் அதற்கு என்ன செய்கிறது என்பதில் இருக்கிறது விஷயம். எங்கள் தெருவில் வலை பின்னுகிறவர்களைக் கேளுங்கள்: நைலான் நரம்பு நேராகக் கிடந்தால் ஒரு மத்தியும் மாட்டாது, முடிச்சு விழுந்தால்தான் வலை.

சிகோனோடைடில் 25 அமினோ அமிலங்கள். அவற்றில் 6 சிஸ்டீன், கந்தகம் உள்ளவை. இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து 3 கந்தகப் பாலங்கள் ஆகின்றன. வகுப்பில் நூலில் ஆறு மணி கோத்துக் கொடுத்து, எத்தனை விதமாக ஜோடி கட்டலாம் என்று எண்ணச் சொல்வேன். முதல் மணிக்கு 5 துணை, மிஞ்சிய நான்கில் முதலாவதற்கு 3, கடைசி இரண்டுக்கு ஒன்றே வழி: மொத்தம் 15. சங்கின் விஷக்குழாய் அதில் சரியான ஒன்றைத் தேர்ந்து முடிச்சுப் போடுகிறது. வாலின் நுனியில் அமைடு என்ற, நைட்ரஜன் உள்ள சிறு தொகுதியையும் சேர்க்கிறது. வேறு சில சங்குகள் தம் பெப்டைடுகளில் புரோமினைக்கூட ஒட்டுகின்றன. கடல்நீரில் புரோமின் உண்டு, சங்கு அதை வீணாக்கவில்லை.

அப்படி இறுகிய உருவம் நரம்பு நுனியில் கால்சியத்தை உள்ளே விடும் வாயில்களுள் ஒரு குறிப்பிட்ட வகையின் மேல் போய் உட்கார்ந்து அடைக்கிறது. கால்சியம் உள்ளே நுழையாவிட்டால் நரம்பு தன் செய்தியை அடுத்ததற்குக் கொட்டாது. மீனில் அது தசைக்குப் போகும் செய்தி. மீன் துவண்டு அசையாமல் போகும். நம் முதுகுத்தண்டில் வலியை மேலே அனுப்பும் நரம்பு நுனிகளில் அதே வகை வாயில் இருக்கிறது. அங்கே மட்டும், அளவாகப் படவேண்டும் என்பதற்காகத்தான் பம்பும் குழாயும். எல்லாச் சங்கும் அடைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தமிழகக் கடலில் கிடைக்கும் கோனஸ் அமாடிஸ் என்ற கூம்புச் சங்கில் பேராசிரியர் பி. பலராம், கே. எஸ். கிருஷ்ணன் ஆகியோரின் குழு ஆராய்ந்த ஒரு பெப்டைடு, சோடியம் வாயிலை நேரத்துக்கு மூடவிடாமல் செய்கிறது. மூடாத கதவும் ஆபத்துதான்.

முடிச்சில்தான் விஷயம் என்பதைக் கடலுக்கே போகாமல் காட்ட ஒரு வழி உண்டு. சீஸ் டப்பாவில் பதப்படுத்தி 234 என்று இருந்தால் அது நிசின். பாலில் வளரும் லாக்டோகாக்கஸ் பாக்டீரியா செய்வது. 34 அமினோ அமிலங்கள், கந்தகத்தால் கட்டிய 5 வளையங்கள். முதல் இரண்டு வளையங்கள் எதிரி பாக்டீரியா சுவர் கட்டக் கொண்டுவரும் செங்கல்லின் பாஸ்பேட்டைக் கவ்விப் பிடிக்கின்றன. சுவர் வேலை நிற்கிறது. மீதி வால் சவ்வுக்குள் நுழைந்து ஓட்டை போடுகிறது. இதைச் செய்கிற பாக்டீரியாவே சாகாமலிருக்க, முன்னால் ஒரு கூடுதல் துண்டு ஒட்டியிருக்கும். வெளியே வந்தபின்தான் அது வெட்டுப்படும். அரிவாளை உறையோடு தூக்கிப்போவது போல. இதை நாம் உண்கிறோம், ஒன்றும் ஆவதில்லை. அது தேடும் செங்கல் நம் உடலில் இல்லை, குடலும் அதைச் செரித்துவிடுகிறது. இதுவும் இயற்கை, கூம்புச் சங்கும் இயற்கை. அந்தச் சொல்லை வைத்து நல்லது கெட்டது பிரிக்க முடியுமா?

கூம்புச் சங்கு கொட்டினால் விஷமுறிவு மருந்து கிடையாது. மூச்சுத் தசை நின்றால் விஷம் இறங்கும்வரை மருத்துவமனையில் செயற்கை மூச்சு கொடுப்பதுதான் வழி. உயிருள்ள சங்கை எந்தப் பக்கம் பிடித்தாலும் பத்திரமில்லை, சட்டைப்பையில் போடவே கூடாது. இதைத் திருத்தத்தோடு சேர்த்து அதே ஞாயிறு இணைப்பில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். எங்கள் பக்கம் கருவாட்டுக் கடைகளில் மடித்துத் தருவது அந்தத் தாளில்தான். வீட்டுக்குப் போய்ப் பிரித்தபின் பையன்கள் அதைப் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியை ஒருவர்,
காசிமேடு, வடசென்னை.