அந்த 38 விநாடியை முழுதாகக் கேளுங்கள்

எங்கள் கால் சென்டர் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். திருத்துறைப்பூண்டியிலிருந்து எழுதுகிறேன். வீட்டிலிருந்தபடி உங்களுக்காகத் தமிழ் அழைப்புகளை எடுப்பவர்களில் நானும் ஒருத்தி. கார்த்திகை மழையன்று நடந்த அந்த அழைப்பின் விவரம் உங்களிடம் இருக்கிறது. எனக்கு அனுப்பிய எச்சரிக்கைக் கடிதமும் உங்கள் கோப்பில் இருக்கிறது. ‘வாடிக்கையாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே அழைப்பைத் துண்டித்தார்’ என்று அதில் எழுதியிருக்கிறீர்கள். நான் துண்டிக்கவில்லை. இணைப்பு அறுந்தது. இந்த இரண்டையும் ஒன்றாக எழுதாதீர்கள் என்பதுதான் என் கோரிக்கை. இதையே மூன்று முறை டிக்கெட் போட்டு, அதாவது புகாராகப் பதிந்து, கேட்டேன். மூன்றையும் ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடிவிட்டார்கள். அதனால்தான் பொதுவில் எழுத வேண்டியதாயிற்று.

அன்று காலையிலிருந்தே விடாத மழை. மூன்று முறை கரண்ட் போய்ப் போய் வந்தது. எங்கள் பக்கம் மின்கம்பிகள் வயல் வழியாகத்தான் போகின்றன. காற்றோடு மழை பெய்தால், கம்பி அறுந்து தண்ணீரில் விழுந்து யார் உயிரையாவது வாங்கிவிடக் கூடாது என்று லைனை நிறுத்திவிடுவார்கள். அது சரியான காரியம்தான். அதைக் குறை சொல்ல மாட்டேன்.

பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அந்த அழைப்பு வந்தது. வயதான ஓர் அம்மா. அவர் யார், எந்த ஊர் என்று எழுதக் கூடாது, எழுதவில்லை. ஏ.டி.எம். கார்டு தொலைந்துவிட்டது, யாரோ பணம் எடுக்கிறார்கள், போனில் மெசேஜ் வந்துகொண்டே இருக்கிறது என்று பதறினார். கார்டை முடக்க வேண்டுமானால் முதலில் சரிபார்க்க வேண்டும். பிறந்த தேதி கேட்டேன். “எழுதி வெச்சிருக்கேன், இரு பாப்பா, எடுத்தாரேன்” என்று எழுந்து போனார். தகரப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. அந்த நேரத்தில்தான் எங்கள் தெருவில் நான்காவது முறையாகக் கரண்ட் போனது.

என் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. லேப்டாப்பும் ரூட்டரும் அணையவில்லை. ஆனால் எனக்கு வரும் நெட், தெருக்கோடிக் கம்பத்தில் கேபிள்காரர் மாட்டியிருக்கும் ஒரு பெட்டி வழியாக வருகிறது. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் சின்ன பேட்டரி, காலையில் மூன்று முறை கரண்ட் போனதிலேயே தீர்ந்துபோயிருந்தது. ரூட்டரில் சிவப்பு விளக்கு வந்தது. ஹெட்செட்டில் சத்தம் நின்றுபோனது. போனில் ஹாட்ஸ்பாட் போட்டேன். மழையில் சிக்னல் ஒரு கோட்டில் நின்றது. உங்கள் பாதுகாப்பான இணைப்பான வி.பி.என்.னுக்குள் நுழைந்து, ஓ.டி.பி. வந்து, மறுபடி லாகின் ஆவதற்குள் 11 நிமிடம் போய்விட்டது. திரும்பக் கூப்பிடவும் வழியில்லை. வாடிக்கையாளரின் எண் எங்கள் திரையில் முழுதாகத் தெரியாது, கடைசி நான்கு இலக்கம்தான் தெரியும். அது பாதுகாப்புக்காக. அதையும் ஏற்றுக்கொள்கிறேன்.

மறுவாரம் மீட்டிங்கில் அந்த ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார்கள். பதிவு நடப்பது கிளவுடில், அதாவது நெட் வழியாக எட்டும் உங்கள் சர்வரில், என் வீட்டில் இல்லை. அதனால் நான் போன பிறகும் அது ஓடியிருக்கிறது. தகரப் பெட்டி மூடும் சத்தம். நடந்து வரும் சத்தம். பிறகு அந்த அம்மா தேதியை வாசிக்கிறார். பதில் இல்லை. மறுபடி வாசிக்கிறார், இந்த முறை மெதுவாக, ஒவ்வொரு எண்ணாக. “பாப்பா, இருக்கியாம்மா? கேக்குதா? ஹலோ... பாப்பா?” 38 விநாடி. அப்புறம் லைன் முடிகிறது. எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தில், “இதுக்கு என்ன சொல்றீங்க?” என்று கேட்டார் டீம் லீடர். அப்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. என்மீது வந்த குற்றச்சாட்டுக்காக அல்ல. அந்த அம்மா மறுபடி கூப்பிட்டு, மொழிக்கு ஓர் எண், சேவைக்கு ஓர் எண் என்று எல்லாம் அழுத்தி, வரிசையின் கடைசியில் நின்று இன்னொருவரைப் பிடிப்பதற்குள் இன்னொரு முறை பணம் எடுக்கப்பட்டுவிட்டது என்று புகாரில் இருந்தது. “பேசிக்கிட்டிருந்த பொண்ணு போனை வெச்சுட்டா” என்று அவர் சொல்லியிருக்கிறார். அவருக்கு வேறு எப்படித் தோன்றும்? அவரிடம் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

உங்களுக்கு ஏன் அப்படித் தோன்ற வேண்டும்? அந்த அம்மாவிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. பேசும்போது என் குரல் துண்டு துண்டாக, விநாடிக்கு 50 பாக்கெட்டாக, உங்கள் சர்வருக்கு வந்துகொண்டிருக்கிறது. நான் பொத்தானை அழுத்தி அழைப்பை முடித்தால், முடித்துவிட்டேன் என்று ஒரு செய்தியும் வரும். அதற்குப் பெயரே ‘பை’. அது வந்த உடனே வாடிக்கையாளருக்கு மதிப்பெண் கேட்கும் குரல் ஒலித்து, அவர் பக்கமும் முடியும். இணைப்பு அறுந்தால் அந்தச் செய்தி வராது. பாக்கெட்டுகள் சட்டென்று நின்றுபோகும். சர்வர் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, பிறகுதான் அழைப்பை மூடும். அந்தக் காத்திருப்புத்தான் அந்த 38 விநாடி. நான் துண்டித்திருந்தால் அந்தப் பதிவில் 38 விநாடி இருந்திருக்கவே இருந்திருக்காது. எனக்கு எதிரான சாட்சி என்று நீங்கள் ஒலிக்கவிட்டதுதான் எனக்கான சாட்சி. பாக்கெட் நின்ற நேரமும் ‘பை’ வராததும் சர்வர் தானே எழுதிவைக்கும் லாகில் இருக்கும். ஆனால் உங்கள் டேஷ்போர்டில் இரண்டுக்கும் ஒரே கட்டம்தான். அந்தக் கட்டத்துக்கு என் பெயர்.

‘அதிக வேக பிளானுக்கு மாறவும்’ என்று ஒரு டிக்கெட்டில் பதில் எழுதியிருந்தார்கள். ஒரு குரல் அழைப்புக்கு விநாடிக்கு 100 கிலோபிட்கூட முழுதாகத் தேவையில்லை. குரலை எண்ணாக மாற்றும் பழைய ஜி.711 முறையில் குரலுக்கு 64 கிலோபிட், ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் எழுதும் முகவரிக்குக் கொஞ்சம், அவ்வளவுதான். நான் ஏற்கெனவே நீங்கள் கேட்டபடி 100 மெகாபிட் பிளானுக்குப் பணம் கட்டுகிறேன். குறை வேகத்தில் இல்லை. கம்பத்துப் பேட்டரி தீர்ந்துவிட்டால் 100 மெகாபிட்டும் ஒன்றுதான், 1000 மெகாபிட்டும் ஒன்றுதான்.

2020 நவம்பரிலும் 2021 ஜூனிலும் மத்திய அரசு, வீட்டிலிருந்தும் வேலை பார்க்க வழிவிட்டு, கால் சென்டர் விதிகளைத் தளர்த்தியது. அப்புறம் நீங்களும் அலுவலகத்தைக் காலி செய்துவிட்டு எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றினீர்கள். எனக்கு அது பெரிய உதவி. படித்துவிட்டுச் சென்னைக்கோ திருப்பூருக்கோ பெட்டி கட்ட வேண்டிய ஊர் இது. அப்பாவையும் அம்மாவையும் பார்த்துக்கொண்டு இங்கேயே சம்பாதிக்க முடிகிறது. அதற்கு நன்றி உண்டு. ஆனால் அலுவலகம் இருந்தபோது ஜெனரேட்டர் உங்களுடையது, இரண்டாவது நெட் லைன் உங்களுடையது, லைன் போனால் பொறுப்பும் உங்களுடையது. இப்போது மூன்றும் என் தலையில். வாடகை மிச்சம் உங்களுக்கு, மழை எங்களுக்கு என்றால் அது என்ன கணக்கு? 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையேறியபோது ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்த பகுதி இது. எங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கானது. வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் வரும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். டெல்டாவில் ஆள் எடுக்கும் நிறுவனத்தின் ரோஸ்டருக்கு மட்டும் அது தெரியவில்லை.

2025 அக்டோபர் 20 அன்று அமேசானின் அமெரிக்க கிளவுட் மையம் ஒன்றில், இணைய முகவரிகளைத் தேடித் தரும் டி.என்.எஸ்.ஸில் வந்த கோளாறால் உலகமெங்கும் எத்தனையோ சேவைகள் மணிக்கணக்கில் நின்றன. அதைக் கோளாறு என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். திருத்துறைப்பூண்டியில் ஒரு கம்பத்துப் பெட்டி நின்றால் மட்டும் அது ஊழியரின் ஒழுங்கீனம் ஆகிவிடுகிறது. அந்த மாத இன்சென்டிவ் போய்விட்டது. மதிப்பீடு சிவப்பில் நிற்கிறது. இன்னும் ஒரு தடவை நடந்தால் வேலை போகும் என்று கடிதத்தில் இருக்கிறது. மழை பெய்தால் இப்போதெல்லாம் கை நடுங்கிக்கொண்டுதான் அழைப்பை எடுக்கிறேன்.

சரி, கோபத்தில் கொஞ்சம் தூரம் போய்விட்டேன். பணிவாகவே கேட்கிறேன். இணைப்பு அறுந்த அழைப்பையும் ஊழியர் துண்டித்த அழைப்பையும் தனித்தனிக் கட்டத்தில் காட்டுங்கள். உங்கள் லாகில் ஏற்கெனவே இருப்பதைத்தான் கேட்கிறேன். புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. அதைவிட முக்கியமாக, எங்கள் பக்கம் அறுந்தால் வாடிக்கையாளரின் லைனை மூட வேண்டாம். அவர் இன்னும் உங்கள் சர்வரில்தான் காத்திருக்கிறார். வரிசையின் முன்னால் வைத்து, காலியாக இருக்கும் இன்னொருவருக்குத் திருப்பிவிடுங்கள். மதுரையிலோ சேலத்திலோ யாராவது எடுப்பார்கள். கிளவுட் என்று சொல்லி நீங்கள் கட்டியது இதற்காகத்தானே. அன்று அப்படிச் செய்திருந்தால் அந்த அம்மாவின் கார்டு அப்போதே முடங்கியிருக்கும்.

என் எச்சரிக்கைக் கடிதத்தைத் திரும்பப் பெறுங்கள் என்றும் கேட்கிறேன். உடனே முடிவெடுக்க வேண்டாம். முதலில் அந்தப் பதிவை எடுத்து, தகரப் பெட்டி திறக்கும் இடத்திலிருந்து கடைசி ‘பாப்பா’ வரைக்கும், நிறுத்தாமல் ஒரு முறை கேளுங்கள். பக்கத்திலேயே லாகைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
திருத்துறைப்பூண்டியிலிருந்து உங்கள் ஊழியர் ஒருத்தி