எங்கள் பிள்ளைகளின் கிருமிகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்

பெங்களூரு மருத்துவமனைகளில் நுண்ணுயிரியல் துறையை நடத்துகிறவர்களுக்கும், இங்கே மரபணு வரிசை படிக்கும் ஆய்வகங்களில் இருக்கும் விஞ்ஞானிகளுக்கும்,

வணக்கம்.

நான் அல்சூரில் குடியிருக்கிறேன். என் மகளுக்கு 13 வயது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸோடு பிறந்தவள். நுரையீரலிலும் கணையத்திலும் சளி கெட்டிப்பட்டு அடைத்துக்கொள்ளும் பரம்பரை நோய் அது. கைக்குழந்தையாக இருந்தபோது அவளைக் கொஞ்சிய என் மாமியார், "என்னம்மா, புள்ள கன்னம் இப்படி உப்புக் கரிக்குது?" என்று கேட்டார். நோயின் முதல் அடையாளத்தை அவர்தான் கண்டுபிடித்தார் என்பது எங்களுக்குப் புரிய நாலு வருஷம் ஆனது. அதற்குள் ஆஸ்துமா என்றார்கள். பிரைமரி காம்ப்ளெக்ஸ் என்று ஆறு மாதம் காசநோய் மருந்தும் கொடுத்தார்கள். வியர்வையில் உப்பை அளக்கும் பரிசோதனை செய்த பிறகுதான் உண்மை தெரிந்தது.

அந்தப் பழைய கதை இருக்கட்டும். அவள் நுரையீரலில் குடியேறிவிட்ட கிருமியைப் பற்றித்தான் உங்களுக்கு எழுத வேண்டும்.

9 வயதில் முதல்முறையாகச் சளி கல்ச்சரில், அதாவது சளியிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையில், சூடோமோனாஸ் ஏருஜினோசா வந்தது. 28 நாள் டோப்ராமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை நெபுலைசரில் வைத்து மூச்சோடு இழுக்கச் செய்தோம். அடுத்த கல்ச்சர் சுத்தமாக வந்தது. அதற்கடுத்ததும் சுத்தம். ஒன்றரை வருஷம் நிம்மதியாக மூச்சு விட்டோம். பிறகு ஒருநாள் ரிப்போர்ட்டில் மறுபடியும் அதே பெயர்.

"டாக்டர், இது பழைய கிருமியேவா, புதுசா வந்ததா?" என்று கேட்டேன். "தெரியாதும்மா. ரிப்போர்ட்டில் ரெண்டுக்கும் பேர் ஒண்ணுதான்" என்றார். மழுப்பாமல் சொன்னதற்காக இன்றும் அவர்மேல் மரியாதை உண்டு. ஆனால் அந்தத் "தெரியாது" இரண்டு வருஷமாக என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

ஏனென்றால் பதிலைப் பொறுத்து நாங்கள் செய்ய வேண்டிய வேலை மாறும். பழைய கிருமிதான் என்றால், மருந்து எட்டாத மூலையில், சைனஸ் அறைகளில் ஒளிந்திருந்து திரும்ப இறங்கியிருக்கலாம். மூக்கையும் கவனிக்க வேண்டும். புதியது என்றால் எங்கள் வீட்டுக் குளியலறைக் குழாயிலிருந்தோ, பாத்திரம் கழுவும் தொட்டியின் வடிகாலிலிருந்தோ, நெபுலைசர் குப்பியிலிருந்தோ வந்திருக்கலாம்; ஈரம் இருக்கிற இடமெல்லாம் இந்தக் கிருமிக்கு வீடுதான். தினமும் அந்தக் குப்பியைக் கொதிக்கவைத்துக் காயவைக்கிறவள் நான். ஒருநாள் அசதியில் விட்டிருப்பேனோ என்று எத்தனை முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது ஒரு வழியும் இருக்கிறது. அதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

நாங்கள் போகும் மருத்துவமனையில் ஓ.பி. வாசலில் ஒரு நீளமான பெஞ்சு. ஓசூரிலிருந்து விடிகாலை பஸ் பிடித்து ஒரு அக்கா தன் மகனோடு வருவார். அவனுக்கும் இதே நோய். நாலு மணிநேரம் காத்திருக்கும் இடத்தில் தமிழ் காதில் விழுந்தால் எப்படிப் பேசாமல் இருப்பது? அக்கா புளியோதரை கொண்டு வருவார், நான் சப்பாத்தி. கணையச் சுரப்பு மாத்திரையை இரண்டு பிள்ளைகளும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, ஒரே ஃபோனைத் தலையோடு தலை முட்டிப் பார்த்துக்கொண்டு சிரிப்பார்கள், இருமுவார்கள். இந்த நோய் உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் 2 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்று அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவனுக்கு ஏற்கெனவே சூடோமோனாஸ் இருந்தது.

இப்போது அக்காவும் நானும் ஃபோனில் மட்டும் பேசுகிறோம். அவர் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. ஆனால் இருவர் மனசிலும் அது கிடக்கிறது.

உங்களிடம் இதற்குப் பதில் சொல்லும் கருவி இருக்கிறது. சூடோமோனாஸின் முழு மரபணு வரிசை 2000-லேயே வெளியானது: சுமார் 63 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகள், ஐயாயிரத்து ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்கள். சம்பந்தமில்லாத இரண்டு சூடோமோனாஸ்களை அருகருகே வைத்துப் படித்தால் பல்லாயிரம் இடங்களில் எழுத்து மாறியிருக்கும். சமீபத்தில் ஒரே கிருமியிலிருந்து பிரிந்தவை என்றால் வித்தியாசம் பெரும்பாலும் விரல்விட்டு எண்ணுகிற அளவில், போனால் சில பத்துகளில் நின்றுவிடும். மியூட்எஸ் போன்ற பிழைதிருத்தும் மரபணு பழுதாகிவிட்ட கிருமி வேகமாக மாறும், அங்கே எண்ணிக்கையை மட்டும் நம்ப முடியாது என்று படித்திருக்கிறேன். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே குழாயிலிருந்து வந்திருந்தாலும் வரிசை ஒத்துப்போகும் என்பதும் தெரியும். தெரிந்தேதான் கேட்கிறேன்.

சியாட்டில் ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஒரு ஆய்வை என் மகளின் டாக்டர் விளக்கினார். ஒரே குழந்தையிடம் 6 மாத வயதில் எடுத்த கிருமியையும் 8 வயதில் எடுத்த கிருமியையும் முழுதாகப் படித்து ஒப்பிட்டிருக்கிறார்கள். 68 மாற்றங்கள். புதிதாக வந்து தாக்கும்போது தேவைப்பட்ட ஆயுதங்களை அந்தக் கிருமி ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டிருந்தது. இந்த நோயில் பல பிள்ளைகளிடம் இப்படித்தான் நடக்கிறது: மியூக்-ஏ மரபணு உடைந்து, கிருமி தன்னைச் சுற்றி வழவழப்பான போர்வையைச் சுரந்துகொள்ளும். லாஸ்ஆர் உடைந்து, மற்ற கிருமிகளோடு சைகை பேசும் பழக்கமே மாறிவிடும். படையெடுத்து வந்தது குடித்தனக்காரனாக மாறுவதை எழுத்து எழுத்தாக வாசித்திருக்கிறார்கள்.

இங்கிலாந்தின் பாப்வொர்த் மருத்துவமனையில் இதே நோய் உள்ள 31 பேரிடம் எடுத்த, மைக்கோபாக்டீரியம் அப்செசஸ் என்ற இன்னொரு நுரையீரல் கிருமியின் மாதிரிகள் 168-ஐப் படித்து 2013-ல் வெளியிட்டார்கள். அந்தக் கிருமி ஆளுக்கு ஆள் பரவாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். பத்து எழுத்துக்கும் குறைவான வித்தியாசத்தில், வெவ்வேறு ஆட்களிடம் ஏறக்குறைய ஒரே கிருமி இருந்தது. பாஸ்டனில் இதே நோய் உள்ளவர்களிடையே பர்க்கோல்டேரியா டோலோசா என்ற வேறொரு கிருமி பரவியபோது 14 நோயாளிகளிடம் 16 வருஷ காலத்தில் எடுத்த 112 மாதிரிகளை வைத்து, அது எப்படிக் கை மாறி, எப்படி உருமாறியது என்று 2011-ல் எழுதினார்கள்.

இந்த மூன்று ஆய்வுகளுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம்: யாரோ ஒருவர் பழைய கிருமியைப் பத்திரமாக உறைய வைத்திருந்தார். கருவி பிறகு எப்போது வேண்டுமானாலும் வரலாம். 8 வயதில் எத்தனை நல்ல கருவி இருந்தாலும், 6 மாதக் குழந்தையின் கிருமி கையில் இல்லையென்றால் எதோடு ஒப்பிடுவது?

போன வருஷம் நான் ஆய்வகத்துக்கே போய்க் கேட்டேன். பணியில் இருந்த டெக்னீஷியன் தம்பி சளியிலுள்ள கிருமியை வளர்க்கும் அன்றைய தட்டைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து காட்டினார். மஞ்சள் கலந்த பச்சை நிறம் ஊறியிருந்தது. அதன்மேல் தேன் சொட்டுப்போலப் பளபளவென்று சில புள்ளிகள், தட்டையாகச் சொரசொரவென்று சில, குண்டூசித் தலையளவில் இன்னும் சில. "மூணுமே சூடோமோனாஸ்தாங்க" என்றார். "எதை மருந்துப் பரிசோதனைக்கு எடுப்பீங்க?" என்றேன். தேன் சொட்டைக் காட்டினார். ஒரே பிள்ளையின் ஒரே சளியில், பக்கத்துப் பக்கத்தில், மருந்துக்கு வெவ்வேறு விதமாகப் பதில் சொல்லக்கூடிய மூன்று வகை. ரிப்போர்ட்டில் எந்த மருந்துக்குக் கேட்கும் என்று போட்டிருப்பதற்கும் பிள்ளைக்கு நடப்பதற்கும் பல சமயம் ஏன் பொருந்துவதில்லை என்பது அந்தத் தட்டைப் பார்த்ததும் ஓரளவு புரிந்தது.

"9 வயசில் வந்தது இருக்குமா தம்பி?" என்று கேட்டேன். "அதெல்லாம் ஒரு வாரத்திலேயே ஆட்டோகிளேவ்ல போயிடும்மா" என்றார். அவர்மேல் தப்பில்லை. தட்டுகளை அப்படித்தான், உயரழுத்த நீராவியில், அழிக்க வேண்டும்; அதற்கு முன்னால் ஒரு குச்சியளவு எடுத்து வைக்கச் சொல்ல யாரும் இல்லை.

எடுத்து வைக்க என்ன வேண்டும்? விரல் நுனியளவு குப்பி, கொஞ்சம் கிளிசரால் கலந்த திரவம், மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் ஓர் இடம். ஒரு பெட்டியில் 81 குப்பிகள் அடங்கும். வருஷத்துக்கு நாலு கல்ச்சர், ஒவ்வொன்றிலும் மூன்று விதப் புள்ளிகள் என்று வைத்தாலும், என் மகளின் பத்து வருஷம் ஒன்றரைப் பெட்டிதான்.

வரிசை படிக்கும் திறமைக்கு இந்த ஊரில் குறைவே இல்லை. 2020 டிசம்பரில் கொரோனா வைரஸைப் படிக்க நாடு முழுக்க 10 ஆய்வகங்களை இன்சாகாக் என்ற பெயரில் இணைத்தபோது, அதில் இரண்டு பெங்களூருவில் இருந்தன: நிம்ஹான்ஸும், பெல்லாரி சாலைப் பக்கம் இருக்கும் என்சிபிஎஸ்–இன்ஸ்டெம்மும். கொரோனாவின் வரிசை சுமார் 30,000 எழுத்து. எங்கள் கிருமியுடையது அதைப்போல 200 மடங்கு நீளம் என்றாலும் இன்றைய இயந்திரங்களுக்கு அது பெரிய வேலை இல்லை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நோயின் அடிப்படைக் கோளாறையே சரிசெய்யப் பார்க்கும் டிரைகாஃப்டா மாத்திரை வந்துவிட்டதே என்று சொல்வீர்கள். 2019-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அங்கே அதன் விலை வருஷத்துக்கு 3 லட்சம் டாலருக்கு மேல். எங்களைப் போன்ற குடும்பங்கள் அதைக் கனவில்தான் வாங்க வேண்டும். அதைச் சாப்பிடுகிறவர்களிடமும் பழைய கிருமி குறைகிறதே தவிர, பலரிடம் முழுதாகப் போவதில்லை.

ஆகவே கேட்கிறேன். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள பிள்ளையின் சளி வந்தால், தட்டை அழிக்கும் முன் ஒவ்வொரு வகைப் புள்ளியையும் உறைய வையுங்கள். தேதியையும் அப்போது ஓடிக்கொண்டிருந்த மருந்தையும் குறித்து வையுங்கள். பெயர் வேண்டாம், எண் போதும். கிருமி திரும்பி வந்தாலோ, இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே சமயத்தில் வந்தாலோ ஆய்வகத்துக்கு அனுப்பிப் படிக்கச் சொல்லுங்கள். வரும் பதிலை மருத்துவரிடமும் எங்களிடமும் சொல்லுங்கள். கட்டுரையில் மட்டும் விட்டுவிடாதீர்கள். பெஞ்சில் பரவியது என்று தெரிந்தால் எந்த அம்மாவையும் குற்றவாளியாக்காமல் எங்களுக்கு வெவ்வேறு நாள் ஒதுக்குங்கள். அதற்கு இந்தச் சோதனைக்காகக் காத்திருக்கவும் வேண்டாம், நாளைக்கே செய்யலாம்.

இதைக் கன்னடத்தில் எழுதித் தர என் பக்கத்து வீட்டு டீச்சரிடம் கேட்டிருக்கிறேன். மனசில் இருப்பது முதலில் தமிழில்தான் வந்தது. ஓசூர் அக்காவும் படிக்க வேண்டும்.

அவரிடம் போன வாரம் ஒருவழியாகப் பேசிவிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "தெரிஞ்சுக்கலாம்மா. எதுவா இருந்தாலும் தெரிஞ்சுக்கலாம்" என்றார். இரண்டு பிள்ளைகளுக்கும் அடுத்த மாதம் கல்ச்சர் இருக்கிறது. ஒப்புதல் கையெழுத்துப் போட இருவரும் தயார். அதற்கான படிவம் உங்களிடம் இல்லையென்றால், நாங்களே எழுதி எடுத்து வருகிறோம்.

இப்படிக்கு,
அல்சூரிலிருந்து ஒரு தாய்