மிட்சுசாவா நண்பர்களுக்கு நன்றி

அன்புள்ள மிட்சுசாவா மைதான நண்பர்களே,

உங்கள் ஜப்பானியக் கால்பந்து கிளப்பான யோகோஹாமா எஃப்சியின் வரலாற்றைத் தமிழில் எழுதி முடித்துவிட்டேன். கட்டுரையில் என் பெயர் மட்டுமே இருக்கிறது. உங்கள் பெயர்களைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டீர்கள். ஆகவே இந்த மடல்.

முதல் நன்றி, கோல் கம்பத்துக்குப் பின்னால் என் பக்கத்தில் நிற்கும் பெரியவருக்கு. நான் 1999-லிருந்து எழுதத் தொடங்கியிருந்தேன். "அதற்கு முன்னால் போ, ஃப்ளூகெல்ஸைச் சொல்லாமல் எங்களைச் சொல்ல முடியாது" என்று தடுத்தவர் அவர்தான்.

ஆல் நிப்பான் ஏர்வேஸ் விமான நிறுவனத்தின் அணியாக வளர்ந்தது யோகோஹாமா ஃப்ளூகெல்ஸ். அதனால்தான் ஜெர்மன் மொழியில் சிறகு என்று பொருள்படும் பெயர். 1993-இல் ஜப்பானின் தொழில்முறைக் கால்பந்துத் தொடரான ஜே லீக்கைத் தொடங்கிய 10 கிளப்புகளில் அதுவும் ஒன்று. 1998 அக்டோபர் கடைசியில், பணம் போட்டுவந்த கட்டுமான நிறுவனம் விலகிக்கொள்ள, அதே ஊரின் மரினோஸுடன் இணைக்கப்படுவதாக அறிவிப்பு வந்தது. முடிவான பிறகுதான் ஆட்டக்காரர்களுக்கே தெரியும்.

மிச்சமிருந்தது, தோற்றால் வெளியேற வேண்டிய பேரரசர் கோப்பைப் போட்டி. தோற்றால் அன்றோடு கிளப்பே இல்லை. கேப்டன் யமாகுச்சி, கோல்கீப்பர் நராசாகி, அப்போது 18 வயதுப் பையனான எண்டோ எல்லோரும் அந்த அணியில் இருந்தார்கள். ஜூபிலோ இவாதாவை வென்றார்கள், காஷிமா அன்ட்லர்ஸை வென்றார்கள். 1999 ஜனவரி 1, டோக்கியோ தேசிய மைதானம். ஷிமிசு எஸ்-பல்ஸ் முதல் கோலைப் போட்டது. இடைவேளைக்குச் சற்று முன் சமன். பிறகு யோஷிதாவின் கோல். 2-1. கோப்பையைத் தூக்கிய கையோடு கிளப் கலைந்தது. இந்தப் பத்தியை எழுதும்போது பெரியவர் சொன்ன மௌனம்தான் காதில் கேட்டது.

ஃப்ளூகெல்ஸின் நினைவாக மரினோஸ் பெயருக்கு முன்னால் ஒட்டிய 'எஃப்' என்ற ஒற்றை எழுத்து உங்களுக்குப் போதவில்லை. நன்கொடை திரட்டினீர்கள். பார்சிலோனாவைப் போல உறுப்பினர்களே தாங்கும் கிளப்பாக யோகோஹாமா எஃப்சியை உருவாக்க முனைந்தீர்கள். 1990 உலகக் கோப்பை வென்ற மேற்கு ஜெர்மனி ஆட்டக்காரர் லிட்பார்ஸ்கி முதல் பயிற்சியாளராக வந்தார். ஜே லீக்குக்குக் கீழே உள்ள ஜேஎஃப்எல் தொடரில் 1999, 2000 இரண்டு ஆண்டும் முதலிடம். 2001-இல் ஜே லீக்கின் இரண்டாம் பிரிவான ஜே2. 2006-இல் ஜே2 பட்டம் வென்று முதல் பிரிவுக்கு ஏறியபோது அணியில் அதே யமாகுச்சி! அந்த வரியை எழுதிவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பழைய நாளிதழ்களைச் சலிக்காமல் எடுத்துத் தந்த நூலகப் பணியாளருக்கும், கையெழுத்துக் குறிப்புகளை வரிவரியாக வாசித்துப் பொருள் சொன்ன அக்காவுக்கும், இந்த மடலை உங்களுக்கு ஜப்பானிய மொழியில் படித்துக் காட்டப்போகும் நண்பனுக்கும் மனமார்ந்த நன்றி. அந்தக் குளிர்காலத்தில் பணம் கொடுத்த, எனக்கு முகம் தெரியாத அத்தனை பேருக்கும்தான். நீங்கள் இன்றும் ஃப்ளூகெல்ஸின் செல்லப்பெயரான 'ஃபூரியே' என்று கூவும்போது நானும் சேர்ந்து கூவ முடிவது அவர்களால்.

பெரியவரே, நீங்கள் நம்பிக் கொடுத்த செய்தித் துணுக்கு ஏடு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அடுத்த ஆட்டத்துக்குக் கொண்டுவருகிறேன். ஒரு பக்கம்கூட மடங்கவில்லை.

அன்புடன்,
உங்கள் பக்கத்தில் நிற்பவன்