பழைய வீட்டுக்குள் கந்தோர் வைப்பவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் பூட்டிக் கிடந்த பழைய வீடுகள் சிலவற்றைத் திறந்து கந்தோர் ஆக்குகிறார்கள். இடித்துத் தள்ளிக் கடைத்தொகுதி கட்டாமல் விட்டார்களே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டுதான் நானும் உள்ளே போவேன். போன பிறகுதான் தெரியும், வாசல் மட்டும்தான் பழைய வீடு என்று. உள்ளே அலுமினியத் தடுப்பு, பளபளக்கும் டைல்ஸ், பிளாஸ்டிக் பூச்சாடி. கொழும்பில் எந்த மாடியில் ஏறினாலும் இதே அறை இருக்கும். அரச கட்டிட வேலைகளை மேற்பார்வை பார்த்தே தலை நரைத்தவன் என்பதால் இதைப் பற்றிக் கொஞ்சம் எழுத உரிமை உண்டென்று நினைக்கிறேன்.

அண்மையில் ஓர் அலுவலாகப் போன இடம் ஒன்று. பெயர் வேண்டாம். நல்ல உயரமான ஓட்டுக் கூரையை மறைத்து, கை தூக்கினால் தொட்டுவிடலாம் போல ஜிப்சம் சீலிங் போட்டிருந்தார்கள். கதவுக்கு மேலே இருந்த காற்றுத் துவாரமெல்லாம் அந்தச் சீலிங்குக்கு அங்கால் போய்விட்டது. சூடு ஏறிப் போக வழியில்லை, ஆகவே ஏசி. ஏசிக் குளிர் போய்விடக் கூடாது, ஆகவே யன்னலுக்கெல்லாம் கறுப்புக் கண்ணாடி. கண்ணாடி அடித்ததும் அறை இருண்டது, ஆகவே பகல் பதினொரு மணிக்கும் நீலம் பாரித்த வெள்ளை விளக்கு. நான் இருந்த நேரம் மின்சாரம் நின்றது. உத்தியோகத்தர்கள் எல்லாரும் எழுந்து விறாந்தைக்கு வந்துவிட்டார்கள். அந்தக் கந்தோரில் யாரும் கை வைக்காமல் விட்ட ஒரே இடம் அந்த விறாந்தைதான்!

கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில் ஒரு பழைய வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். தடித்த சுவர் பகல் வெயிலை மெல்ல வாங்கி மெல்ல விடும். சூடான காற்று மேலே ஏறி ஓட்டு இடுக்காலும் துவாரத்தாலும் வெளியேறும். சரிவுப் பலகை யன்னல் வெயிலைத் தடுத்துக் காற்றை விடும். இதையெல்லாம் காசு கொடுத்து அடைத்துவிட்டு, பிறகு மாதா மாதம் மின்சாரக் கட்டணமும் கட்டுவது என்ன கெட்டித்தனமோ!

என் மருமகன் ஒருவர் நொத்தாரிசு, காணி உறுதிப் பத்திரம் எழுதுபவர். டொக்யார்ட் வீதிப் பக்கம் ஆங்கிலேயர் காலத்து வீடொன்றை வாடகைக்கு எடுத்தார். "மாமா, ஆட்கள் வந்து பார்த்தால் ஒரு கந்தோர் மாதிரி இருக்க வேண்டாமா?" என்று ஒரே பிடிவாதம். சரி, முதலில் சுவரைப் பார்ப்போம் என்றேன். முன்பு இருந்தவர்கள் சீமெந்து பூசி அதன் மேல் பளபளப்புப் பெயின்ற் அடித்திருந்தார்கள். இடுப்பளவு உயரத்துக்குக் கொப்பளம். விரலால் தட்டினால் பொத்தென்று ஒரு சத்தம், உள்ளே கோறை. உளி வைத்ததும் பூச்சு பாளமாகக் கழன்றது; அதன் முதுகில் பஞ்சு மாதிரி உப்பு. அப்பால் பழைய சுண்ணாம்புச் சாந்து, அதற்குள் முருகைக்கல். பவளப் பூச்சிகள் கட்டிய அந்தப் பூ வரி அப்படியே தெரிந்தது. மருமகன் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு வாக்குவாதம் பாதியாகக் குறைந்தது.

காரணம் பெரிய இரகசியமில்லை. அந்தக் காலத்துச் சுவர்களுக்கு அடியில் ஈரத்தடுப்புப் படை கிடையாது. நிலத்து ஈரம் சுவரில் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சீமெந்தும் பிளாஸ்டிக் பெயின்றும் விடாது. ஈரத்தோடு வரும் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, பூச்சைத் தள்ளிக்கொண்டு வரும். கடற்கரை ஊரில் இது இன்னும் மோசம். கழன்ற இடத்தில் திரும்பவும் சீமெந்து பூசுவது அடுத்த மாரிக்குள் திரும்பவும் கழல்வதற்குத்தான். நாங்கள் சீமெந்தை முழுக்க இறக்கி, சுவரைக் காய விட்டு, நீற்றி ஊற வைத்த சுண்ணாம்பில் பூசி, கொஞ்சம் மஞ்சள் காவி கலந்து வெள்ளையடித்தோம். பழையபடி முருகைக்கல் சுட்டு எடுத்த சுண்ணாம்பு வேண்டும் என்று யாரும் அடம்பிடிக்க வேண்டாம். கடலில் முருகைக்கல் தோண்டுவதைச் சட்டம் தடுக்கிறது, அது நியாயமும்கூட. கடையில் கிடைக்கும் நல்ல சுண்ணாம்பு போதும்.

சுவர் சரியானதும் மற்றதெல்லாம் சுலபம். விளக்கு வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் எண்ணில் சொல்வார்கள்; எண் கூடினால் நீலம் பாரிக்கும், குறைந்தால் மஞ்சள் தட்டும். விளக்குக் கடையில் கேட்காவிட்டால் 6500 கெல்வின் குமிழைத்தான் தருவார்கள். அது சுண்ணாம்புச் சுவரில் பட்டால் பிரேத அறை போலிருக்கும். அறைக்கு 2700 அல்லது 3000 கெல்வின், எழுதும் மேசைக்கு மட்டும் 4000 கெல்வினில் ஒரு மேசை விளக்கு. எண் பெட்டியிலேயே அச்சடித்திருக்கும். புதிய வயர்களைச் சுவரை வெட்டிப் புதைக்காமல் வெளியே குழாயில் நேர்கோடாக ஓட விட்டோம். பழுதானால் சுவர் தப்பும்.

வீட்டுக்காரரின் பின்னறையில் முதிரை மர மேசை ஒன்று பச்சைப் பெயின்ற் அடித்தபடி கிடந்தது. கிண்ணியாவிலிருந்து வந்த ஓடாவி பெயின்றைச் சுரண்டி அரக்குப் பொலிஷ் போட்டதும், தேன் நிறத்தில் ரேகை ஓடும் அந்த மரத்தைப் பார்த்து மருமகன் வாயடைத்துப் போனார். அதன் முன் கதிரையில் உட்கார்ந்து உறுதி எழுதுகிறவருக்குப் பின்னால் சான்றிதழ் வரிசை தொங்க விடத் தேவையில்லை. லாச்சிகளுக்கு மட்டும் புதுப் பூட்டு. வந்தவர்கள் இருக்க விறாந்தையில் பிரம்புக் கதிரைகளும் ஒரு வாங்கும். மெத்தை உறையும் திரையும் மருதமுனைக் கைத்தறி. கோடு போட்ட துணி, அடிக்கடி தோய்க்கலாம். உறுதிகள் வைக்கும் அலுமாரிகளைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் விலக்கி வைத்தோம். ஈரத்துக்கும் கறையானுக்கும் அந்த ஒரு சாண் பெரிய தூரம். கணினி, அச்சுப்பொறி எல்லாம் இருக்கிறது, யாரும் பயப்பட வேண்டாம். ஏசி ஓர் அறைக்கு மட்டும், கதவடைத்துப் பேச வேண்டியவர்களுக்காக.

இன்னொன்று. 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்திய கட்டிடம் என்றால் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் குறுக்கே வரும். ஒல்லாந்தர் காலத்து வீடு என்று சந்தேகம் இருந்தால் உளி எடுக்க முன்னரே தொல்பொருளியல் திணைக்களத்தில் கேட்டுவிடுவது நல்லது. அந்தப் பெயரைக் கேட்டதும் எங்கள் ஊரில் முகம் சுளிப்பவர்கள் உண்டு, அதற்குக் காரணமும் உண்டு. ஆனாலும் வேலை பாதியில் நின்றால் நட்டம் நமக்குத்தான்.

இந்த வேலைகளைக் கேள்விப்பத்திரத்துக்கு விடும் கந்தோர்த் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மதிப்பீட்டில் 'பூச்சு வேலை' என்று மொட்டையாக எழுதாதீர்கள். எழுதினால் ஒப்பந்தக்காரர் சீமெந்துதான் பூசுவார், அவரில் பிழையில்லை. 'சுண்ணாம்புப் பூச்சு' என்று எழுதுங்கள். சதுர அடிக் கணக்கில் காசு வருவதால் சீலிங்கையும் டைல்ஸையும் அவர்களே ஆலோசனையாகச் சொல்வார்கள். வேண்டாம் என்று சொல்லப் பழகுங்கள்.

எங்களுக்கு வந்த பெரிய கஷ்டம் சாமானில் இல்லை, ஆளில்தான். சுண்ணாம்பை எத்தனை நாள் ஊற வைப்பது, எவ்வளவு மணல், பூசிய பிறகு எவ்வளவு நேரம் ஈரச்சாக்கு போடுவது என்று தெரிந்த மேசன் ஒருவரை முதலில் கண்டுபிடிக்கவே முடியவில்லை. கடைசியில் கிடைத்தவர் வயதானவர், சாரத்தில் ஏற மாட்டார். கீழே இருந்து சொல்ல, இளம் பொடியன்கள் பூசினார்கள். மூதூரிலோ கிண்ணியாவிலோ நிலாவெளிப் பக்கமோ இந்த வேலை தெரிந்தவர்கள் இன்னும் இருந்தால், வாசகர்கள் இந்தப் பகுதிக்கே எழுதித் தெரிவிக்கட்டும். என்னிடம் மட்டுமே இப்போது இரண்டு வீட்டுக்காரர் ஆள் கேட்டபடி இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர்,
உவர்மலை, திருகோணமலை.